போனது என்ன, வந்தது என்ன?

செக்கில் ஆட்டி வாங்கிய கடலை எண்ணெயை ஒரு கண்ணாடி டம்ளரிலும், பாக்கெட்டை வெட்டி ஊற்றிய ரீஃபைண்டு கடலை எண்ணெயை இன்னொரு டம்ளரிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவது நல்ல மஞ்சள். கடலை வாசம் தூக்கும். நாலு நாள் அசையாமல் இருந்தால் அடியில் மண்டி தங்கும். அப்பளம் பொரித்தால் சட்டி விளிம்புவரை பொங்கி நுரைக்கும். இரண்டாவது வெளிறிப்போன நிறம், மண்டி கிடையாது, நுரை கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்தால் அது கடலையா சூரியகாந்தியா என்று சொல்ல முடியாது.

இரண்டும் நிலக்கடலைதான். அப்படியானால் அந்த மணமும் நிறமும் எங்கே போயின? அவற்றைப் போக்க எதை உள்ளே விட்டார்கள்?

இந்தக் கேள்விகள் எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகின்றன. பதிலும் கூடவே வரும்: "பெட்ரோலில் ஊறவைத்து, காஸ்டிக் சோடா ஊற்றி, ப்ளீச் பண்ணி விற்கிறான்." இதில் பொய்யென்று முழுதாகத் தள்ளக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை, முழு உண்மை என்று ஏற்கக்கூடியதும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பத்துக் கிலோ நிலக்கடலை

நல்ல நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். பத்துக் கிலோ பருப்பில் 4.8 கிலோ எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செக்கில் ஆட்டினால் அத்தனையும் வந்துவிடாது. பிண்ணாக்கின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு எண்ணெயாகவே தங்கிவிடும். கணக்குப் போட்டால் நம் கைக்கு வருவது 4.2 கிலோ. இரும்புத் திருகு சுழலும் எக்ஸ்பெல்லரில் அழுத்தமும் சூடும் அதிகம், 4.4 கிலோ வரை வரும். அதற்குப் பிறகும் பிண்ணாக்கில் ஒட்டியிருப்பதை ஹெக்சேன் என்ற திரவத்தை விட்டுக் கரைத்தெடுத்தால் மொத்தம் 4.75 கிலோ.

செக்குக்கும் ஹெக்சேனுக்கும் வித்தியாசம் அரைக் கிலோ சொச்சம். இவ்வளவுக்காகவா பெட்ரோலியத்திலிருந்து பிரித்த திரவத்தை உணவுக்குள் கொண்டுவந்தார்கள் என்று தோன்றும். கடலையை எடுத்துவிட்டு அதே கணக்கைச் சோயாவுக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கிலோ சோயாவில் மொத்த எண்ணெயே 1.9 கிலோதான். பிண்ணாக்கில் அதே பத்தில் ஒரு பங்கு தங்கினால் 0.9 கிலோ உள்ளேயே போய்விடும். பாதி நஷ்டம். அரிசித் தவிட்டுக்கும் இதே நிலைதான். கொப்பரை, எள், நிலக்கடலை ஆகிய மூன்றும் கொழுத்த வித்துகள் என்பதால் நம் ஊர்ச் செக்கு அவற்றை நம்பிப் பிழைத்தது. சோயாவையும் தவிட்டையும் எண்ணெய் வித்தாக்கியது ஹெக்சேன்.

செக்கிலும் ஒரு நுட்பம் இல்லாமல் இல்லை. எள்ளோடு கருப்பட்டியும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து ஆட்டுவார்கள். ருசி ஒரு காரணம்தான். எள்ளிலுள்ள புரதம் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ள, சிதறிக் கிடந்த எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்து பிரிகின்றன.

இன்னொரு சின்னக் கணக்கு, சந்தைக்குப் போகும்போது உதவும். பருப்பு கிலோ 120 ரூபாய், பிண்ணாக்கு கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோவுக்கு 1,200 ரூபாய். ஐந்தே முக்கால் கிலோ பிண்ணாக்கை விற்றால் 230 ரூபாய் திரும்பும். மீதி 970 ரூபாய்க்கு 4.2 கிலோ எண்ணெய். ஆட்டுக்கூலி, கரண்டு, வாடகை எதுவும் சேராமலே கிலோ 231 ரூபாய் ஆகிறது. அந்த விலைவாசியில் ஒருவர் 180 ரூபாய்க்குச் செக்கெண்ணெய் தருகிறார் என்றால், அதில் ரீஃபைண்டு எண்ணெயோ பாமாயிலோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பெட்ரோல் பயம்

ஹெக்சேன் பெட்ரோலியக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் அது 69 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கரைத்தெடுத்த எண்ணெயை நீராவி விட்டுச் சூடாக்கி அதை ஓட்டி, குளிர்வித்துப் பிடித்து, மறுபடி பயன்படுத்துகிறார்கள். காசு கொடுத்து வாங்கியதை எண்ணெயோடு விற்க ஆலைக்காரருக்கும் மனம் வராது. மிச்சசொச்சமும் பின்னால் 200 டிகிரிக்கு மேல் வெற்றிடத்தில் சூடாகும்போது போய்விடுகிறது.

இந்திய விதிப்படி சுத்திகரித்த எண்ணெயில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஹெக்சேன் இருக்கக் கூடாது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் எண்ணெய் செலவானால் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 30 கிராம். வரம்பின் விளிம்பில் நிற்கிற எண்ணெயாகவே இருந்தாலும் உடலுக்குள் போவது 0.15 மில்லிகிராம். ஹெக்சேனை நினைத்து உண்மையாகவே கவலைப்பட வேண்டியவர் அந்த ஆலையில் வேலை செய்கிறவர். அதன் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் கை கால் நரம்புகள் கெடும். தீப்பிடிக்கிற ஆபத்தோ நித்தமும் உண்டு. வாட்ஸ்அப் செய்திகளில் அவர் வருவதே இல்லை.

நான்கு கழுவல்

சுத்திகரிப்பில் முதல் வேலை பசை நீக்கம். வித்தின் செல் சவ்வுகளிலுள்ள பாஸ்பரஸ் கலந்த கொழுப்பு, எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடுகிறது. வெந்நீர் விட்டால் அது ஊதிப் பசையாகும். வேகமாகச் சுழற்றிப் பிரித்துவிடலாம். செக்கெண்ணெய் சட்டியில் பொங்குவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பசைதான். சோயாவிலிருந்து பிரியும் பசைக்கு லெசித்தின் என்று பெயர். சாக்லேட் உறையில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

இரண்டாவது, காஸ்டிக் சோடா. பழைய வித்தில் கொழுப்பு உடைந்து தனி அமிலங்களாக மிதக்கும். எண்ணெய் சீக்கிரம் புகைவதும் தொண்டையைக் கமறுவதும் இவற்றால்தான். காஸ்டிக் சோடா இந்த அமிலத்தைச் சந்தித்தால் சோப்பாகிவிடும். சோப்பைச் சுழற்றிப் பிரித்து, எண்ணெயை வெந்நீரில் அலசிவிடுகிறார்கள். பிரித்த சோப்புக் கசடு சோப்பு ஆலைகளுக்கே போகிறது.

மூன்றாவதாக வருகிற 'ப்ளீச்', குளியலறை கழுவுகிற பிளீச்சிங் பவுடர் அல்ல. அது ஒரு வகைக் களிமண். எண்ணெயின் மஞ்சளும் பச்சையும் அந்த மண் துகளில் ஒட்டிக்கொள்ள, வடிகட்டினால் நிறம் போய்விடும்.

கடைசி வேலை மணம் நீக்கம். காற்றை உறிஞ்சி எடுத்த கலத்தில் எண்ணெயை 200 முதல் 250 டிகிரி வரை சூடாக்கி, ஊடே நீராவியைச் செலுத்துகிறார்கள். கடலை வாசம், மிச்ச அமிலம், வயலில் அடித்த பூச்சிமருந்தில் ஒரு பகுதி எல்லாம் நீராவியோடு போகும். கூடவே வைட்டமின் ஈ-யிலும் ஒரு பங்கு போகும். அந்த நீராவியைக் குளிர்வித்துப் பிடித்த கசடிலிருந்துதான் மருந்துக்கடையில் விற்கும் இயற்கை வைட்டமின் ஈ மாத்திரைக்கான சரக்கு பெருமளவில் எடுக்கப்படுகிறது. எண்ணெயிலிருந்து எடுத்ததை மாத்திரையாக மறுபடி நமக்கே விற்கிற இந்த வியாபாரச் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் ரசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

போனதில் நஞ்சும் உண்டு

இழந்ததைப் பற்றியே பேசினால் போதாது. ஈரத்தில் கிடந்த நிலக்கடலையிலும் கொப்பரையிலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் வளரும். அது சுரக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமென்று ஐயமின்றி நிறுவப்பட்ட நஞ்சு. சொத்தைக் கடலையைக் கடித்தால் கசக்கும், துப்பிவிடுவோம். செக்கில் விழுந்தால் அந்த வாய்ப்பு இல்லை. நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கினாலும் ஒரு பகுதி எண்ணெயோடும், குறிப்பாக அந்த மண்டியோடும், வந்துவிடும். காஸ்டிக் கழுவலும் களிமண்ணும் அதை ஏறக்குறைய முழுதாக நீக்கிவிடுகின்றன.

2021 மார்ச்சில் இலங்கையில் பெரும் பரபரப்பானது இந்த விஷயம்தான். இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளடாக்சின் இருப்பது தெரியவந்து, சரக்கைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அது சுத்திகரிப்புக்கு முந்தைய எண்ணெய்.

நம் பழைய வழக்கம் ஒன்று இங்கே தற்செயலாகக் கைகொடுத்திருக்கிறது. புதிதாக ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, மேலாக இறுத்துக்கொள்வார்கள். கடலை எண்ணெயிலுள்ள அஃப்ளடாக்சினைச் சூரிய ஒளி சிதைக்கிறது என்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970-களில் காட்டினார்கள். மண்டியை விட்டுவிட்டு இறுத்ததும் நல்லதே. ஆனால் இதை நம்பிச் சொத்தைக் கடலையை ஆட்டக் கூடாது. நெடுநாள் வெயிலில் வைத்தால் எண்ணெயே காறிப்போகும்.

சுத்திகரிக்காத எண்ணெயின் கொடிய அத்தியாயம் ஒன்று 1998 ஆகஸ்ட்டில் டெல்லியில் எழுதப்பட்டது. கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. ஏறக்குறைய 60 பேர் இறந்தார்கள். கால் வீக்கத்தோடும் மூச்சுத் திணறலோடும் மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். உதிரியாக எண்ணெய் விற்பதற்கான தடை இறுகியது அதற்குப் பிறகுதான். மரச்செக்கா இரும்புச்செக்கா என்று விசாரிப்பதைவிட, பருப்பைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது முக்கியம் என்பது என் கருத்து.

வந்து சேர்ந்தது

இனி எதிர்ப்பக்கக் கணக்கு. மணம் நீக்கும் கலத்தில் 200 டிகிரியைத் தாண்டும்போது, எண்ணெயில் முன்பு இல்லாத சில பொருள்கள் பிறக்கின்றன. அவற்றில் கவனிக்க வேண்டியவை கிளைசிடில் எஸ்டர்கள். உடலுக்குள் இவை கிளைசிடாலாக உடைகின்றன. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். 2016-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பலவகை எண்ணெய்களை ஒப்பிட்டபோது பாமாயிலில்தான் இது மிக அதிகமாக இருந்தது. 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது. அதற்குப் பிறகு சூட்டைக் குறைப்பது, அடிபடாத புதுப் பழத்தை மட்டும் எடுப்பது என்று ஆலைகள் வழி கண்டன. ரீஃபைண்டு எண்ணெய்மேல் நியாயமாக வைக்கக்கூடிய குற்றச்சாட்டு இது. ஆனால் சமூக ஊடகங்களில் இந்தப் பெயர் அவ்வளவாக அடிபடுவதில்லை.

பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் சில எண்களும் இருக்கும். ஐ.என்.எஸ். 319 என்பது எண்ணெய் காறாமல் இருக்கச் சேர்ப்பது. கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை அனுமதி. 900ஏ நுரையை அடக்குவது. 10 மில்லிகிராம் வரை. வைட்டமின் ஏ, டி சேர்த்திருந்தால் நீல நிறத்தில் 'எஃப்' குறி போட்டிருப்பார்கள்.

வனஸ்பதியின் பழி

ரீஃபைண்டு எண்ணெயின் தலையில் விழுந்த கெட்ட பெயரில் பாதி வனஸ்பதிக்குச் சேர வேண்டியது. இரண்டும் ஆலையிலிருந்து வருவதால் மக்கள் ஒன்றாக்கிவிட்டார்கள். ஆனால் சுத்திகரிப்பு எண்ணெயில் கலந்திருப்பதைக் கழுவுகிறது. வனஸ்பதி செய்வதென்றால் கொழுப்பையே வேறொன்றாக மாற்ற வேண்டும்.

எண்ணெயின் கொழுப்பு இழைகள் நடுவில் வளைந்தவை. வளைந்த சுள்ளிகளைக் கட்டாகக் கட்டினால் இடைவெளி விட்டுத் தளர்ந்தே நிற்கும். நேர்ச் சுள்ளிகள் இறுக்கமாக அடங்கும். எண்ணெய் ஓடுவதும் நெய் உறைவதும் இதனால்தான். 1902-ல் ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன், எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்தி அதைக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வளைவுகள் நிமிர்ந்தன, மலிவான நெய் பிறந்தது; நம் நாட்டுக்கு 1937-ல் டால்டா என்ற வனஸ்பதி வந்தது. வளைவு பாதியில் முறுக்கிக்கொண்டு நேராகிப்போன சில இழைகளும் அதில் உருவாகின. இவற்றை மாறுபக்கக் கொழுப்பு என்போம். கடைப்பேச்சில் டிரான்ஸ் ஃபேட்.

1990-ல் நெதர்லாந்தில் மென்சிங்க், கட்டான் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கொழுப்பைத் தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியது, நல்லது இறங்கியது. நிறைவுற்ற கொழுப்புகூட இந்த இரண்டாவது கேட்டைச் செய்வதில்லை. 2003-ல் டென்மார்க் முதல் நாடாக இரண்டு சதவீத வரம்பு கொண்டுவந்தது. இந்தியாவில் 2021-ல் மூன்று சதவீதம், 2022 ஜனவரியிலிருந்து இரண்டு. மணம் நீக்கும் சூட்டில் ரீஃபைண்டு எண்ணெயிலும் சிறிது மாறுபக்கக் கொழுப்பு உண்டாவது உண்மை. ஒழுங்காக நடக்கிற ஆலையில் அது ஒரு சதவீதத்தைச் சுற்றியோ அதற்குக் கீழோ இருக்கும்.

கொழுப்பு எங்கும் போகவில்லை

இவ்வளவு கழுவியும் மாறாத ஒன்று உண்டு. செக்கோ ரீஃபைண்டோ, கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. தேங்காய் எண்ணெயை எந்த மரச்செக்கில் ஆட்டினாலும் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றதே. ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கிராமுக்கு ஒன்பது கலோரி என்பதும் மாறாது. கெட்ட கொலஸ்ட்ராலை முடிவு செய்வதில் இந்த விகிதத்துக்குத்தான் பெரிய பங்கு. ஆட்டிய விதத்துக்கு இல்லை. "செக்கெண்ணெய்தானே" என்று கை தாராளமாக ஊற்றும் வீடுகளில், மாறியது எண்ணெயின் பெயரும் செலவும் மட்டும்.

விதை எண்ணெய்களிலுள்ள ஒமேகா 6 உடலில் அழற்சியை உண்டாக்கும் என்பது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான புதுப் பயம். மனிதர்களுக்குக் கொடுத்து அளந்து பார்த்த ஆய்வுகளில் அழற்சிக்கான அடையாளங்கள் அப்படி ஏறவில்லை. அதே கொழுப்பு கொதிக்கும் சட்டியில் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டியில் நடப்பது

ஆலை செய்ததைவிட அதிகமாக எண்ணெயை மாற்றுவது நம் அடுப்பு. பஜ்ஜி மாவிலுள்ள தண்ணீர் நீராவியாகிக் கொழுப்பை உடைக்கிறது. ஆலை பாடுபட்டு நீக்கிய தனி அமிலங்கள் மறுபடி பிறக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்பு இழையின் வளைவுகளைத் தாக்கி, ஆல்டிஹைடு என்ற காரநெடித் துண்டுகளை உண்டாக்குகிறது. துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிசினாகின்றன. பழைய வாணலியின் விளிம்பில் தேய்த்தாலும் போகாத பழுப்புப் பசை அதுதான்.

இப்படிச் சிதைந்தவற்றை மொத்தமாக முனைவுச் சேர்மங்கள் என்கிறார்கள். ஒரு குச்சி போன்ற கருவியைச் சூடான எண்ணெயில் விட்டே அளந்துவிடலாம். புது எண்ணெயில் இவை சில சதவீதம்தான். 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது இந்தியாவில் 2018 ஜூலையிலிருந்து சட்டம். வீட்டில் கருவி தேவையில்லை: நிறம் கறுத்து, கரண்டியிலிருந்து தேன் கணக்காய் இழுபட்டு, முன்பைவிடக் குறைந்த சூட்டில் புகைந்து, விலகாத குறுநுரை கட்டினால் அந்த எண்ணெயின் காலம் முடிந்தது. இந்தப் புகையும் சாதாரணமானதல்ல. உயர் சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் மேலே சொன்ன பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது.

எந்த எண்ணெய் சீக்கிரம் கெடும்? வளைவுகள் அதிகமுள்ளது. இரண்டு வளைவுள்ள இழை, ஒற்றை வளைவுள்ளதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக ஆக்சிஜனிடம் சிக்குகிறது. சூரியகாந்தி எண்ணெயில் இரட்டை வளைவு இழைகளே மிகுதி. செக்கில் ஆட்டியிருந்தாலும் திரும்பத் திரும்பப் பொரிக்க அது ஏற்றதல்ல. தாளிக்கச் சூரியகாந்தி, பொரிக்கக் கடலை என்று பிரித்துக்கொண்டால் ரீஃபைண்டா செக்கா என்ற சண்டையைவிட அதிகப் பலன் கிடைக்கும். பலகாரக் கடைகள் பாமாயிலை விடாததற்கு விலை மட்டும் காரணமில்லை, அது சட்டியில் நெடுநேரம் தாங்கும்.

வீட்டில் பஜ்ஜி சுட்ட எண்ணெயை ஆறவிட்டு, வடிகட்டி, ஓரிரு நாளில் குழம்புத் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. மறுபடி பொரிக்க வேண்டாம் என்கிறது. கடைகளில் நடப்பது வேறு. சட்டியில் எண்ணெய் குறையக் குறையப் புது எண்ணெயை மேலே ஊற்றுகிறார்கள். பழையதில் தேங்கிய சிதைவுகள் புதியதையும் விரைவாகச் சிதைக்கின்றன. அடியில் கிடப்பது பல நாள் எண்ணெய். சட்டியை ஒருநாளும் காலி செய்வதில்லை. பெரிய சமையல்கூடங்கள் கழித்த எண்ணெய் இடைத்தரகர் வழியாகத் தள்ளுவண்டிக்கு மலிவு விலையில் போவதும் உண்டு. இதைத் தடுக்கத்தான் 2019 மார்ச்சிலிருந்து நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் இடங்கள், கழித்த எண்ணெய் யாரிடம் போனது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்றும், அதைச் சேகரித்து பயோடீசல் ஆக்க வேண்டும் என்றும் திட்டம் போட்டார்கள். நாளைக்கு ஐந்து லிட்டரில் வடை சுடுகிற தள்ளுவண்டிக்காரருக்கு அந்தப் பதிவேடு இல்லை. பழைய எண்ணெயைக் கொடுத்துப் புது எண்ணெய்க்குக் கொஞ்சம் விலை கழித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று அவருக்குக் கிடைத்தால் சட்டியைக் காலி செய்வதில் அவருக்கும் லாபம் இருக்கும்.